வசனம் பொறுக்காமல் வேதம் படிக்க ஒரு வழி

கிறிஸ்தவக் கல்யாண அழைப்பிதழ் என்றால் மேலே ஒரு வசனம் இருந்தாக வேண்டும், மார்த்தாண்டம் ஆனாலும் களியக்காவிளை ஆனாலும் பாறசாலை ஆனாலும் அதில் மாற்றமில்லை. அப்படி அச்சாகும் வசனங்களில் ஒன்று ரூத்தின் "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்". பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்வது போலத்தான் நாம் வாசிக்கிறோம். ரூத் 1:16-ஐத் திறந்து, அதற்கு முன்னால் உள்ள பதினைந்து வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். புருஷனைப் பறிகொடுத்த மருமகள் ஒருத்தி, தன்னைத் திருப்பி அனுப்பப் பார்க்கிற மாமியாரிடம் நடுவழியில் நின்று பிடிவாதமாகச் சொன்ன பேச்சு அது. மாமியாருக்குச் சொன்னது என்று தெரிந்த பிறகும் அதை அழைப்பிதழில் போட எத்தனை மணப்பெண்கள் சம்மதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

வசனத்தை அங்கே போடுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊரில் வேதம் படிக்கிறோம் என்றால் பெரும்பாலும் வசனம் பொறுக்குகிறோம் என்றுதான் அர்த்தம். காலண்டர் வசனம், ஆட்டோ முதுகு வசனம், வாட்ஸ்அப்பில் காலை ஐந்து மணிக்கு பூ படத்தோடு வரும் வசனம், புது வருஷம் பிறக்கிற இரவில் வாட்ச்நைட் ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கிற, அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிப் பரிசு வாங்கியவர்கள்தான் நாம் எல்லாரும், அதனால் இந்தப் பழக்கம் எலும்பில் ஊறியது. ஆனால் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, இவர் யார், யாரிடம் சொல்கிறார், ஏன் இப்போது சொல்கிறார் என்று கேட்டுப் படிப்பதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை, கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அதிகார எண்ணும் வசன எண்ணும் எழுதியவர்கள் போட்டது கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, ஸ்டீபன் லாங்டன் என்பவர் பெயரைச் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் 1551-இல் போட்டார். தேடி எடுப்பதற்கு மிகவும் வசதி, சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்கள் வந்த பிறகுதான் ஒரு கடிதத்தை நூறு துண்டாக வெட்டி, துண்டு துண்டாகக் கையில் எடுப்பது இவ்வளவு சுலபமானது. சில இடத்தில் வெட்டே தவறான இடத்தில் விழுந்திருக்கிறது: ஏசாயா 53-ஐ வாசிக்கிறவர்கள் 52:13-இலிருந்து தொடங்க வேண்டும், பாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பத்திக்கு மேலே தடித்த எழுத்தில் வரும் தலைப்புகளும் பதிப்பித்தவர்கள் போட்டதுதான், அதை வேதவாக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த பைபிள்?

குமரி மாவட்டமும் கேரளமும் சேரும் இந்த எல்லைப் பக்கத்தில் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் இருப்பார்கள், ஒரே குடும்பத்திலேயே இரண்டு மூன்று சபை இருக்கும். அதனால் வீட்டில் எது கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் ஓடுவது 1871-இல் முழுதாக வந்த, பவர் ஐயர் தலைமையில் திருத்திய பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் கையில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும். முன்னதில் 66 புத்தகம், பின்னதில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என்று ஏழும் சேர்ந்து 73. பொது மொழிபெயர்ப்பிலேயே அந்த ஏழையும் சேர்க்காத பதிப்பும் உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

என் யோசனை இரண்டையும் வைத்துக்கொள்வது. பழையதன் ஓசை நம் காதில் விழுந்து பழகியது, மனப்பாடத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பவுலின் நிருபங்களில் நீண்ட வாக்கியங்கள் வரும் இடத்தில் யார் யாரைச் சொல்கிறார் என்பதே பிடிபடாமல் போகும், அங்கே புதியதை எடுத்து வாசித்தால் ஐந்து நிமிடத்தில் தெளியும். 1956-க்கு முன்னால் இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது அல்லவா, அதனால் மலையாளத்தில் பள்ளிப் படிப்பு படித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய மலையாள சத்தியவேதபுஸ்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம், அவர்களுக்கு இரண்டும் ஓடும்.

ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தீர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் யாத்திராகமம் என்பது புதியதில் விடுதலைப் பயணம், சங்கீதம் என்பது திருப்பாடல்கள், நடபடிகள் என்பது திருத்தூதர் பணிகள். கலப்புக் கூட்டத்தில் ஒருவர் பெயர் சொல்லி இன்னொருவர் பத்து நிமிடம் பக்கம் புரட்டுவதைப் பார்க்கலாம். பொருளடக்கப் பக்கத்தில் பென்சிலால் மற்ற பெயரையும் எழுதி வைத்தால் வேலை முடிந்தது.

பென்சில் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. பேனா வேண்டாம், பைபிள் தாள் மெல்லிசு, மறுபக்கம் தெரியும். ஹைலைட்டரும் வேண்டாம். அப்புறம் அந்த ஜிப் போட்ட உறை: இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து தாளில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை ஏற்றிவிடும். மழைக்காலத்தில் உறையைக் கழற்றி அலமாரியில் நிறுத்தி வையுங்கள். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் சாமான்.

எதிலிருந்து தொடங்குவது?

ஆதியாகமம் ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமத்தில் கிளம்பி, யாத்திராகமத்தின் பாதியில் ஆசரிப்புக் கூடாரத்து அளவுகளில் மூச்சு வாங்கி, லேவியராகமத்தில் படுத்துவிட்டவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். 66 புத்தகத்தில் 1,189 அதிகாரம், நாளைக்கு மூன்று நான்கு வீதம் ஓட்டினால் ஒரு வருஷத்தில் முடியும், அதைச் செய்து முடிக்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்குத்தான் உதவும், படிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

சின்னதாக ஒன்று எடுங்கள். பிலேமோனுக்கு எழுதின நிருபம், மொத்தம் 25 வசனம், நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடம். எபிரெயர் நிருபத்துக்கு முந்தின ஒரு பக்கத்தில் இருக்கிறது, பல பேர் அதைப் புரட்டிக்கொண்டே தாண்டிப் போயிருப்போம். இதை வைத்தே முறை முழுவதையும் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன், பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதல் நாள் சத்தமாக வாசியுங்கள், முழுவதையும், நிறுத்தாமல். இந்தக் கடிதங்கள் சபையில் சத்தமாக வாசிக்கப்படுவதற்கென்றே எழுதியவை, கொலோசெயர் 4:16-இல் பவுலே இதை உங்களிடத்தில் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார். சத்தமாக வாசிக்கும்போது எழுதியவர் குரல் எங்கே உயர்கிறது, எங்கே தணிகிறது என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

அடுத்த நாள் ஆட்களை எழுதுங்கள். எழுதுகிறவர் பவுல், கட்டுண்டவராக, கூடத் தீமோத்தேயு. பெறுகிறவர் பிலேமோன், ஆனால் அவர் மட்டும் இல்லை, அப்பியாள், அர்க்கிப்பு, அப்புறம் அந்த வீட்டிலே கூடுகிற சபை. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு வீட்டுக்காரரின் அடிமையைப் பற்றிய கடிதம், அந்த வீட்டில் கூடுகிற மொத்தச் சபைக்கும் முன்னால் வாசிக்கும்படி முகவரியிடப்பட்டிருக்கிறது. பிலேமோன் இதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்ள முடியாது. பவுல் கெட்டிக்காரர். ஒநேசிமு என்கிற பெயர் பத்தாம் வசனத்தில்தான் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் நன்றி, பாராட்டு, வேண்டுதல் என்று தளம் போட்டுக்கொண்டு வருகிறார்.

மூன்றாம் நாள் வேலைதான் முக்கியம்: எழுதியிருப்பதையும் நாம் சேர்த்துக்கொண்டதையும் பிரிப்பது. ஒநேசிமு எஜமானிடம் திருடிக்கொண்டு ஓடிப்போன அடிமை என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். கடிதத்தில் தேடுங்கள். ஓடிப்போனான் என்று எங்கும் இல்லை, கொஞ்சக்காலம் பிரிந்துபோனான் என்றுதான் 15-ஆம் வசனத்தில் இருக்கிறது. திருடினான் என்றும் இல்லை. அவன் உமக்கு அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் உண்டானால் அதை என் கணக்கில் வையும் என்று 18-ஆம் வசனத்தில் ஒரு 'உண்டானால்' போட்டுச் சொல்கிறார். ஓடிப்போயிருக்கலாம், திருடியிருக்கலாம், விளக்கவுரை எழுதியவர்கள் பலர் அப்படித்தான் ஊகிக்கிறார்கள், ஊகத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் ஊகத்தை நோட்டின் வலதுபக்கம் எழுதுங்கள், எழுதியிருப்பதை இடதுபக்கம் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேதபாடம் கைக்கு வந்த மாதிரி.

நான்காம் நாள் பெயர்களைப் பிடித்துக்கொண்டு வெளியே போங்கள். இணைவசனக் குறிப்புள்ள பைபிள் இருந்தால் ஓரத்தில் பார்த்துப் போகலாம், இல்லாவிட்டால் எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கிய அகராதி, அதுவும் இல்லாவிட்டால் போனில் உள்ள பைபிள் ஆப். ஆப்பில் தேடும்போது முழுச் சொல்லைப் போடாமல் 'ஒநேசிம' என்று அடிப்பகுதியை மட்டும் போடுங்கள், பழைய மொழிபெயர்ப்பில் சொற்கள் வேற்றுமை உருபு சேர்ந்தும் ஒன்றோடொன்று புணர்ந்தும் கிடக்கும். தேடினால் கொலோசெயர் 4:9 கிடைக்கும்: ஒநேசிமு உங்களில் ஒருவன். ஆக, அவன் கொலோசெ ஊர்க்காரன், பிலேமோன் வீடும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அதே அதிகாரம் 17-ஆம் வசனத்தில் அர்க்கிப்புவும் வருகிறார். அப்படியே மேலே போய் கொலோசெயர் 3:22 முதல் 4:1 வரை வாசியுங்கள், வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும், எஜமான்கள் வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்ய வேண்டும் என்கிற பகுதி. தனியாக வாசித்தால் பழைய காலத்து வீட்டு ஒழுங்கு என்று தோன்றும். ஆனால் அந்த நிருபத்தோடு வந்தவர்கள் தீகிக்குவும் ஒநேசிமுவும் என்று 4:7-9 சொல்கிறது. அந்த வரிகள் வாசிக்கப்பட்டபோது ஒநேசிமு அந்தக் கூட்டத்திலேயே நின்றிருக்கக்கூடும். இதையும் வலதுபக்கத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் எழுதத் தகுந்த ஊகம்.

இன்னொரு பெயர் தேமா. பிலேமோன் 24-இல் உடன்வேலையாள், கொலோசெயர் 4:14-இல் வாழ்த்துச் சொல்கிறான், 2 தீமோத்தேயு 4:10-இல் இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து என்னை விட்டுப் பிரிந்துபோனான். மூன்று வசனத்தில் ஒரு மனிதனின் சரித்திரம். அதே 2 தீமோத்தேயு 4:11-இல் மாற்குவை அழைத்துவரச் சொல்கிறார் பவுல், அப்போஸ்தலர் 15-இன் கடைசியில் இவனைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று பர்னபாவோடு கடுங்கோபமாகப் பிரிந்த அதே மாற்கு. வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று நாம் தாண்டுகிற இடத்தில் இவ்வளவு கிடக்கிறது.

ஐந்தாம் நாள் வரைக்கும் பொறுத்த பிறகு, இப்போது கேளுங்கள்: இது எனக்கு என்ன சொல்கிறது? நம்மில் பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறோம், அதனால்தான் எந்த வசனத்தை எடுத்தாலும் கடைசியில் நமக்கு வேலை கிடைக்கும், பிள்ளைக்கு சீட் கிடைக்கும் என்று வந்து நிற்கிறது. பிலேமோனைப் பொறுத்தவரை நம் மண்ணுக்கு ஒரு நேரடிக் கேள்வியே இருக்கிறது. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்தார், மிஷன் வேலை இங்கே வேர்பிடித்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை அரசு அறிவிப்பால் ஒழிந்தது 1855-இல். நடுவில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, ஆளை விற்கவும் வாங்கவும் முடிந்த ஊரில், 'இனிமேல் அவன் அடிமையானவனாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக' என்கிற 16-ஆம் வசனம் தமிழில் அச்சாகி இருந்தது. அன்றைக்கு அதைக் கேட்ட காதுகள் எப்படிக் கேட்டிருக்கும்? இன்றைக்கு நம் சபையில் யார் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் சாப்பிடப் போகிறார்கள், யார் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தால் ஆள் குறைகிறது? நோட்டில் எழுதிப் பாருங்கள், எழுத மனம் வராவிட்டாலும் எழுதிப் பாருங்கள். பிலேமோன் கடைசியில் என்ன செய்தார் என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை.

இவ்வளவுதான் முறை: முழுவதும் வாசி, ஆட்களைப் பார், இருப்பதையும் ஊகத்தையும் பிரி, வெளியே இணைப்பைத் தேடு, கடைசியில் உனக்கென்று கேள். ஐந்து நாள் என்று சொன்னேன், ஐந்து வாரம் ஆனாலும் பரவாயில்லை. நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெட்டி முடித்து, சிரட்டையில் பால் சொட்டி நிறையும் வரைக்கும் காத்திருக்கிற நேரம் ஒன்று இருக்கிறது பாருங்கள், காலையில், யாரும் கூப்பிடாத நேரம். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போதும். கிடைக்காதுதான், இருந்தாலும் பிலேமோனை நின்றுகொண்டே வாசிக்கலாம்.

வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது?

தூக்கிப் போட வேண்டாம், அதையே பாடமாக்குங்கள். எரேமியா 29:11 வந்தது என்று வையுங்கள், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்கிற வசனம், வந்தவர்களுக்கு அந்த வருஷம் முழுக்க முகத்தில் ஒரு தெளிச்சம் இருக்கும். சரி, அட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு எரேமியா 28-ஐயும் 29-ஐயும் சேர்த்து வாசியுங்கள். 28-இல் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவிக்கிறான். கைதட்டல் வாங்குகிற தீர்க்கதரிசனம். 29-இல் எரேமியா பாபிலோனில் சிறையிருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்கிறார். அதாவது அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. அதற்கு அடுத்த வரிதான் உங்கள் அட்டையில் இருப்பது. இப்போது அந்த வசனம் முன்னைவிடச் சின்னதாகிவிட்டதா? என் பார்வையில் பெரிதாகிறது, வளைகுடாவுக்குப் போய் வருஷக்கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வரை உள்ள வசனங்களையும் சேர்த்து அனுப்பலாம்.

பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். தேர்வு எழுதப் போகிற பிள்ளையின் டெஸ்கில் ஒட்டியிருக்கும். முந்தின இரண்டு வசனத்தில் பவுல் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார், அந்த 'எல்லாவற்றையும்' என்பதற்குள் மதிப்பெண் குறைவதும் அடங்கும்.

பாட்டும் பழமொழியும் கதையும் தரிசனமும்

ஒவ்வொன்றையும் வாசிக்க ஒவ்வொரு விதம் உண்டு, இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் சட்டப்புத்தகம் போல வாசிப்பதால் வரும் சண்டைகள் பல. நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது, அடுத்த வசனமே மறுஉத்தரவு கொடு என்கிறது. முரண்பாடு என்று குதிக்க வேண்டாம். பழமொழி என்றால் அப்படித்தான், எந்த ஆளிடம் எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்பது கேட்கிறவன் புத்தியில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

சங்கீதங்களுக்கு 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டுத் தொடங்குகிறது. நம் வீடுகளில் ஒப்பாரி வைக்கிற பெரியம்மா செத்தவரையே பார்த்துக் கேள்வி கேட்பாள் இல்லையா, அந்த உரிமையோடு கடவுளைப் பார்த்துக் கேட்கிறான். எபிரேயப் பாட்டில் ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு விதத்தில் திருப்பிச் சொல்லும், அல்லது எதிர்மறையாகச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். ஆகவே வரிகளை ஜோடி ஜோடியாக வாசியுங்கள். பிறகு எந்த இடத்தில் தொனி திரும்புகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், 13-இல் அது ஐந்தாம் வசனம். அப்படித் திரும்பாமலே முடிகிற சங்கீதமும் உண்டு, 88-ஐப் பாருங்கள். துக்க வீட்டில் என்ன வாசிப்பது என்று தடுமாறுகிறவர்கள் அதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

உவமைகளில் யாருக்குச் சொன்னது என்பதுதான் பூட்டின் சாவி. லூக்கா 15-இல் காணாமல் போன ஆடு, காசு, மகன் என்று மூன்று கதை. கெட்ட குமாரன் என்று தலைப்புப் போட்டு நாம் இளைய மகனோடு நிறுத்திவிடுகிறோம், எழுப்புதல் கூட்டத்தில் அதற்குத்தான் கண்ணீர் வரும். ஆனால் முதல் இரண்டு வசனத்தில் ஆட்கள் யார் என்று பாருங்கள்: இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்த பரிசேயரும் வேதபாரகரும். அவர்களுக்குச் சொன்ன கதை, வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிற்கிற மூத்த மகனோடு முடிகிறது. தவறாமல் கோயிலுக்குப் போகிற நாம் அந்தக் கதையில் எந்த மகன் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

பைபிளின் பின்பக்கத்து வரைபடங்களையும் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. நல்ல சமாரியன் கதையில் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு 'இறங்கி'ப் போனான் என்றால் நிஜமாகவே இறக்கம்தான். எருசலேம் மலைமேல், எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே, ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டும், தூரம் கிட்டத்தட்ட களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகிற அளவு. நடுவில் வறண்ட பாறைக்காடு.

வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள படங்களில் பெரும்பகுதி தானியேல், எசேக்கியேல், சகரியாவிலிருந்து எடுத்தது, அவற்றை வாசிக்காமல் நேராக அங்கே போனால் கையில் கிடைப்பது 666-ம் பார்கோடும் ஆதார் கார்டும்தான். அது இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதினது, அவர்களுக்குப் புரியும்படி எழுதினது. அவர்களுக்கு ஆதார் கிடையாது.

ஆட்களோடு படிப்பது

தனியாகப் படிப்பதோடு ஒரு சின்னக் கூட்டமும் வேண்டும், நான்கைந்து பேர் போதும். கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டமோ மற்ற சபைகளின் பகுதி ஜெபக்கூட்டமோ இருந்தால் அதிலேயே அரைமணி நேரம் கேட்டுப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, யாரும் பிரசங்கம் பண்ணக்கூடாது. பகுதியை இரண்டு மொழிபெயர்ப்பில் சத்தமாக வாசியுங்கள், பிறகு ஒவ்வொருவரும் ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும், பதில் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கிறதா என்று எல்லாரும் சேர்ந்து தேடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று விட்டுவிடுங்கள், அடுத்த வாரத்துக்குள் போதகரிடமோ ஃபாதரிடமோ கேட்டு வரலாம். பெண்கள் பேசும்வரை காத்திருங்கள், ரூத்தும் நகோமியும் என்ன பேசினார்கள் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஞானஸ்நானம், மாதா, அந்நியபாஷை என்று பேச்சு திரும்பினால் டீயைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள், அதற்கு வேறு நாள் இருக்கிறது.

'மூல பாஷையில் இப்படி இல்லை' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள். பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரெயு, தானியேலிலும் எஸ்றாவிலும் சில பகுதி அரமேயு, புதிய ஏற்பாடு கிரேக்கம். அவற்றை முறையாகப் படித்தவர்கள் சொன்னால் கேட்கலாம், யூடியூபில் கேட்டுவிட்டு வந்தவர்கள் சொன்னால் நான்கு மொழிபெயர்ப்பை எடுத்து ஒப்பிடுங்கள், நான்கும் ஒன்றுபோலச் சொன்னால் விஷயம் முடிந்தது. ஏஐயிடம் கேட்கிறவர்களும் அது தருகிற வசன எண்ணைப் புத்தகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு மேலே போகவும்.

பிலேமோன் முடிந்தால் ரூத், அதன் பிறகு யோனா, இரண்டுமே நான்கு நான்கு அதிகாரம். யோனா ஒரு கேள்வியோடு முடியும், பதிலை எழுதிப் பாருங்கள். அடுத்து மாற்கு, ஒரே உட்காரலில் இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதையும் வாசித்துவிட்டு, பிறகு நிதானமாக ஒரு மாதம். அப்புறம் யாக்கோபு, பிலிப்பியர், கொலோசெயர். அதற்குப் பிறகு ஆதியாகமத்துக்குப் போங்கள், இந்தத் தடவை லேவியராகமத்தில் படுக்கமாட்டீர்கள். எண்ணாகமத்தின் முதல் நாலு அதிகாரத்துக் கணக்கெடுப்பை வேகமாகத் தாண்டலாம், 11-இல் நில்லுங்கள், அங்கே வனாந்தரத்தில் ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள், மோசே இந்த ஜனத்தையெல்லாம் நானா பெற்றேன் என்று கடவுளிடம் சண்டை போடுகிறார். அந்த அதிகாரத்துக்கு ஒரு வாரம் தேவைப்படும்.